கத்தும் வண்டி

அன்று காலை வண்டி கத்தவில்லை. சாவியைத் திருப்பியதும் ஒரு குலுங்கு குலுங்கி, நல்ல பிள்ளையாக உறுமிக்கொண்டு நின்றது. மற்ற நாளாக இருந்தால் இந்நேரம் எதிர்வீட்டு ஜன்னல் படாரென்று சாத்தப்பட்டிருக்கும். கடைசி வீட்டு நாய் பதிலுக்கு ஊளையிட்டிருக்கும். அவள் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி காது கொடுத்துக் கேட்டாள். ஒன்றும் இல்லை.

"பாத்தியா, தானா சரியாயிடுச்சு," என்றார் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்த கணவர்.

தானாகச் சரியான வண்டியை அவள் பார்த்ததில்லை. தானாகச் சரியான மனிதர்களையும்தான். இருந்தாலும் மனசு குளிர்ந்துவிட்டது. நல்ல சகுனம் என்றுகூட நினைத்துக்கொண்டாள். பிற்பாடு அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன் மேலேயே பற்றிக்கொண்டு வரும்.

அது அவளுடைய வண்டி. வேலை கிடைத்து வெளிநாடு கிளம்பிய தம்பி, "விக்கிறதுக்கு மனசு வரலக்கா, நீயே வெச்சுக்கோ," என்று சாவியைக் கையில் திணித்துவிட்டுப் போனது. விற்றால் யாரும் வாங்க மாட்டார்கள் என்பது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நிறம் வெளுத்து, பின்கதவு கைப்பிடி ஆடிக்கொண்டிருக்கும் கிழட்டு வண்டி. ஆனால் ஓடும். நாலு வருடமாகக் காய்கறிக்கும் மகளின் பள்ளிக்கும் ஓடி, இந்த வருடம் மகளை ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வரும் வழியில்தான் முதல்முறையாக அப்படிக் கத்தியது. ரம்பத்தால் தகரத்தை அறுக்கிற மாதிரி ஒரு சத்தம். மிதிக்க மிதிக்க ஏறியது.

மெக்கானிக்கிடம் கொண்டுபோனார்கள். அந்த மனிதருக்குக் கை ஓய்ந்தாலும் வாய் ஓயாது. முதல் தடவை, "இது ஒரு வேண்டாத உறுப்பு, கழட்டித் தூரப் போட்டுடலாம்," என்றார். அடுத்த தடவை போனபோது, யாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாரோ, தலைகீழாகப் பேசினார்.

"அய்யய்யோ, இதுல கைய வெச்சுடாதீங்கம்மா. இது காத்து ஊதற பம்ப். என்ஜின்ல முழுசா எரியாம வர்ற புகைக்குப் புதுக் காத்து ஊதி, குழாயிலயே எரிய வைக்குது. பேரிங் தேஞ்சிருக்கு, அதான் கத்துது. கத்தினாலும் ஊதுதுல்ல? ஊதற வரைக்கும் புகை டெஸ்ட்ல தேறிடும். சத்தத்துக்கு அங்க மெஷின் கிடையாது. பழைய வண்டி, பேரிங்குக்குச் சொல்லி வெச்சிருக்கேன். வந்ததும் மாத்திக்கலாம்."

இதைச் சொன்னபோது கணவரும் பக்கத்தில்தான் நின்றார். காதில் விரலை விட்டுக்கொண்டு நின்றார் என்றாலும், நின்றார்.

கணவர் பெரிய நூலகம் ஒன்றில் கண்காணிப்பாளர். அங்கே அவருக்கு 'உஷ்' என்று பெயர். வாசகர்கள் வைத்தது. நல்ல பெயர்தான் என்று அவள் அவரிடமே சொல்லியிருக்கிறாள். வேலையை அங்கேயே விட்டுவிட்டு வருகிற ஆளாக இருந்தால் பரவாயில்லை. வீட்டுக்கும் கொண்டுவருவார். நாற்காலிக் கால்களுக்கு அடியில் ஒட்டுவதற்காக நூலகத்தில் பச்சை நிறத்தில் தடித்த கம்பளித் துணி வாங்கி வைத்திருப்பார்கள். வெட்டியது போக மிஞ்சுகிற துண்டெல்லாம் அவர் பையில் வீட்டுக்கு வந்துவிடும். வீட்டு நாற்காலி, மேஜை, கட்டில், எல்லாவற்றுக்கும் பச்சைச் செருப்பு. அழைப்பு மணியின் நாக்கில் ஒரு துண்டு. பீரோக் கதவின் விளிம்பில் ஒரு துண்டு. மிக்ஸியைத் துண்டு போர்த்திக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். அவள் வாயில் ஒட்டாததுதான் பாக்கி. அதற்கு அவர் வேறு வழி வைத்திருந்தார். அவள் குரல் கொஞ்சம் உயர்ந்தாலும், "மெதுவா பேசு, பக்கத்து வீட்டுல கேக்குது," என்பார். அடிக்கிற ஆளில்லை, திட்டுகிற ஆளில்லை. சண்டை போடக்கூட வராது. அமுக்குணி.

அவளோ அவள் பிறந்த வீட்டில் 'வெடி'. கல்யாணத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்தபோது, அந்தக் கோடியில் படுத்திருக்கும் நோயாளிக்கு இந்தக் கோடியிலிருந்தே மாத்திரை ஞாபகப்படுத்துவாள். மகள் பிறந்ததும் வேலையை விட்டாள். "கொஞ்ச நாளைக்குத்தானே," என்று அன்று அவர் சொன்னார். கொஞ்ச நாள் பதினேழு வருடமானது.

மகள் ஹாஸ்டல் போனபிறகு அந்த வீட்டில் பகல் முழுக்க அவளும் பச்சைத் துணியும்தான். பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. கூட வேலை பார்த்த ஒருத்தி சொல்லித்தான் அந்த மருத்துவமனைக்குப் போனாள். படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீடுகளுக்கே போய்க் காயத்துக்குக் கட்டு மாற்றி, ஊசி போட்டுவிட்டு வருகிற நர்ஸ் வேலை. மேட்ரன் அவளை ஏற இறங்கப் பார்த்து, நாலு கேள்வி கேட்டு, ஒரு கையில் நரம்பு தேடச் சொல்லிப் பார்த்து, "கை மறக்கல," என்றாள். ஒரே நிபந்தனை. சொந்த வண்டி வேண்டும். புகை டெஸ்ட்டில் தேறிய சான்று வேண்டும். அதை இந்த வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் கொண்டுவந்து காட்டாவிட்டால், காத்திருக்கும் அடுத்த ஆளுக்கு வேலை போய்விடும்.

இன்றுதான் அந்த வெள்ளிக்கிழமை. "தனியா போக வேணாம், நானும் லீவு போட்டுட்டு வர்றேன்," என்று கணவர் சொன்னபோது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

டெஸ்ட் நடக்கிற இடம் ஊர்க்கோடியில் ஒரு பெரிய தகரக் கொட்டகை. உள்ளே லாரியும் வேனும் காருமாக வரிசை கட்டி நின்று ஒன்றையொன்று மிஞ்சி இரைந்துகொண்டிருந்தன. தரையெல்லாம் ஆயில் கறை. பரிசோதிக்கிற ஆள் இரண்டு காதிலும் பெரிய மூடி மாட்டியிருந்தார். எல்லோரும் அவரிடம் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. கணவரின் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

மத்தியானத்துக்கு மேல்தான் அவள் முறை வந்தது. பரிசோதகர் நீளமான ஒரு குழாயைப் புகைபோக்கியில் செருகிவிட்டு, மெஷினின் முகத்தைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். வண்டியைக் கொஞ்சம் மிதிக்கச் சொல்லி மறுபடியும் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"தேறலம்மா! எரியாத புகை அப்படியே வருது! காத்துப் பம்ப் இருக்கா, கழட்டிட்டீங்களா?"

"இருக்கு சார்! அது நல்லா ஊதும்! கத்திக்கிட்டே ஊதும்!"

"எங்க கத்துது?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கத்தாதது சகுனமில்லை, கோளாறு. இது தெரியாமல் வழி நெடுக ஈயென்று இளித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

பரிசோதகர் பானெட்டைத் தூக்கினார். குனிந்து பெல்ட்டைப் பார்த்தார். பெல்ட் சுற்றுகிறது, பம்பும் சுற்றுகிறது. பம்புக்குக் காற்று உள்ளே போகிற ரப்பர் குழாயை விரலால் அமுக்கிப் பார்த்தவர், வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு, கிளிப்பைத் தளர்த்திக் குழாயைப் பிடுங்கினார். அதன் வாய்க்குள் எதையோ விரலால் நோண்டினார். வரவில்லை. மூக்குக் குறடு ஒன்றை எடுத்து உள்ளே விட்டு இழுத்தார்.

சுருட்டித் திணித்திருந்த துணி, புழு மாதிரி நெளிந்து நெளிந்து வெளியே வந்தது. கறுப்புக் கறைக்கு நடுவிலும் நிறம் தெரிந்தது. பச்சை. தடித்த கம்பளி. ஓரம் கத்தரியால் நேராக வெட்டியது.

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் கொட்டகையின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளங்காலிலிருந்து ஏறியது கோபம். பதினேழு வருடத்தில் அவளுக்குக் கோபம் வராமல் இல்லை. வந்ததையெல்லாம் அந்த வீடு உறிஞ்சிக்கொண்டுவிடும். இங்கே உறிஞ்ச ஒன்றுமில்லை. நேற்று ராத்திரி, "நிம்மதியா தூங்கு, காலைல சீக்கிரம் எழுந்திரிக்கணும்ல," என்று போர்வையை இழுத்து மூடிவிட்ட அதே கை இந்தத் துணியைச் சுருட்டித் திணித்திருக்கிறது.

பரிசோதகர் துணியைக் குறடோடு தூக்கிக் காட்டினார். "காத்து இழுக்கற பளு இல்லாம சும்மா சுத்தினதாலதான் பம்ப் கத்தல. இது தானா உள்ள போகாதும்மா. யாரோ வேணும்னே அடைச்சிருக்காங்க. சட்டப்படி இது குத்தம்."

"எனக்குத் தெரியாது சார்!"

"யாருன்னு தெரியலன்னா ஓனர்தான் பொறுப்பு. மூணு மாசத்துக்கு இந்த வண்டிய எங்கயும் டெஸ்ட் பண்ண மாட்டாங்க. அடைச்ச ஆளே வந்து, நான்தான்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டா, அபராதம் அவருக்கு. வண்டிய இப்பவே திரும்ப டெஸ்ட் பண்ணிப் பாக்கலாம். என்ன சொல்றீங்க?"

மூன்று மாதம். மேட்ரன் மூன்று நாள்கூட காத்திருக்க மாட்டாள்.

அவள் கணவரின் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "நீங்கதானே?"

"மெதுவா பேசு. எல்லாரும் பாக்குறாங்க."

"நீங்கதானேன்னு கேட்டேன்."

"சத்தம் அதிகமா இருந்தா ஃபெயில் பண்ணிடுவாங்களோன்னு..." அவர் உதடு மட்டும் அசைந்தது. "உன் நல்லதுக்குத்தான். வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம். பழைய வண்டி, தம்பி குடுக்கும்போதே அப்படித்தான் இருந்துச்சுன்னு சொல்லிடு. மூணு மாசம்தானே, பறந்துடும்."

கொஞ்ச நாள்தானே, மூன்று மாதம்தானே. அந்தத் 'தானே'யைக் கேட்டதும் அவளுக்குள் ஏதோ அறுந்தது.

"அவர்கிட்ட போய்ச் சொல்லுங்க."

"என் பேரு, என் வேலை... யாராவது தெரிஞ்சவங்க..."

"சொல்லுங்க!"

பின்னால் லாரிக்காரர் ஒருவர் ஹாரன் அடித்தார். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். கணவர் இரண்டடி முன்னால் வைத்து, தொண்டையைச் செருமி, நூலகத்தில் பேசுகிற அதே குரலில் ஏதோ சொன்னார்.

பரிசோதகர் காதுமூடியைத் தட்டிக் காட்டினார். "என்ன சார்? கேக்கல!"

"அது... வீட்டுல ஒரு சின்ன தப்பு நடந்து..."

"சத்தமா சொல்லுங்க சார்! பின்னால வண்டி நிக்குது!"

"நான்தான் அடைச்சேன்," என்றார் கணவர். கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. "சத்தம் தாங்கல. சத்தத்துக்காகத்தான்."

"பொய்!" என்றாள் அவள். தன் குரல் அந்தக் கூரையில் மோதித் திரும்பி வருவதை அவளே கேட்டாள். வார்டை விட்டபிறகு அவள் கேட்காத குரல் அது. "மெக்கானிக் சொன்னப்ப நீங்களும் பக்கத்துலதானே நின்னீங்க? சத்தத்துக்கு இங்க மெஷின் இல்ல, ஊதலன்னாதான் தேறாதுன்னு சொன்னாரா இல்லியா? மாசக்கணக்கா கத்துச்சே, அப்பல்லாம் அடைக்கத் தோணலியா? டெஸ்ட்டுக்கு முந்தின நாள்தான் தோணுச்சா? எதுக்கு அடைச்சீங்க? சொல்லுங்க, எதுக்கு?"

"மெதுவா..."

"எதுக்கு?"

"நீ போகக் கூடாதுன்னுதான்!"

அவர் அப்படிக் கத்தி அவள் கேட்டதே இல்லை. அவரும் கேட்டிருக்க மாட்டார் போலிருக்கிறது. சொன்னபிறகு திறந்த வாய் மூடாமல் நின்றார். லாரிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுத்தார்.

பரிசோதகர் பலகையில் செருகிய தாளையும் பேனாவையும் நீட்டினார். "இது கேட்டுச்சு சார். இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

கையெழுத்துப் போட்டார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். இப்போது கோபமில்லாமல், கொஞ்சம் கெஞ்சலாகக்கூடப் பேசினார்.

"பொண்ணும் ஹாஸ்டலுக்குப் போயிட்டா. நீயும் போயிட்டா... சாயங்காலம் நான் திரும்பி வரும்போது வீட்டுல யாரு இருப்பா? கதவத் திறந்தா வெறும் வீடு. நினைச்சுப் பாரு."

"அமைதியா இருக்கும்," என்றாள் அவள். "உங்களுக்குப் பிடிச்ச மாதிரி."

அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அந்தப் பாவத்தைக் கண்டு அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது. இந்தப் பாவத்தை வைத்துத்தானே இத்தனை நாளும் ஓட்டினார்! தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள், வாயைத் திறந்து சொல்லியிருந்தால் அவள் உட்கார்ந்து கேட்டிருப்பாள். ஒரு வழி யோசித்திருப்பாள். சொல்லவில்லை. திருட்டுத்தனமாக டார்ச் அடித்துக்கொண்டு போய்க் குழாயைக் கழற்றியிருக்கிறார். ஒரு பல்பு மாட்டத் தெரியாத மனிதர், இதை மட்டும் எங்கே திணித்தால் எது நிற்கும் என்று சரியாகக் கேட்டு வைத்துக்கொண்டிருக்கிறார்.

பரிசோதகர் குழாயை ஊதிச் சுத்தம் செய்து மாட்டி, கிளிப்பை இறுக்கினார். "ஸ்டார்ட் பண்ணுங்கம்மா."

அவள் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். ஒரு நொடி, ஒன்றுமில்லை. துணியின் நார் உள்ளே போய்ப் பம்ப் செத்துவிட்டதோ என்று பயந்தாள். பிறகு கரகரவென்று தொடங்கி, தகரத்தை அறுத்து, காது கிழிய அலறியது வண்டி. வரிசையில் நின்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள். அவள் இன்னும் கொஞ்சம் மிதித்தாள். கத்து. நல்லாக் கத்து. கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. அது அழுகையில்லை, ஆத்திரம்.

பரிசோதகர் மெஷினைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கட்டைவிரலை உயர்த்தினார்.

"தேறிடுச்சு! பேரிங்க மட்டும் சீக்கிரம் மாத்திடுங்க! இல்லன்னா ஒரு நாள் நடுரோட்டுல சிக்கிக்கும்!"

சான்றை வாங்கி மடிக்காமல் பைக்குள் வைத்தாள். கணவர் வந்து மறுபக்கக் கதவைத் திறக்கப் பார்த்தார். பூட்டியிருந்தது. ஜன்னலைத் தட்டினார். அவள் கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கினாள்.

"நீங்க பஸ்ல போங்க."

"நான் எப்படி... இங்க எங்க பஸ் ஸ்டாப்புன்னுகூட எனக்குத் தெரியாதே."

"கேளுங்க. வாயத் திறந்து யாரையாவது கேளுங்க."

கொட்டகையை விட்டு வெளியே வந்து, பெரிய சாலையில் ஏறி, சிக்னல்களில் நின்று நின்று அவள் போனாள். ஒவ்வொரு சிக்னலிலும் பக்கத்து வண்டிக்காரர்கள் திரும்பி முறைத்தார்கள். அவளும் திருப்பி முறைத்தாள். ஒரு ஆள் மட்டும், "வண்டில பேய் புகுந்திருக்காக்கா?" என்று கேட்டான். "புகுந்திருந்துச்சு, இப்பத்தான் இறக்கி விட்டுட்டு வர்றேன்," என்றாள். அவனுக்குப் புரியவில்லை. பச்சை விளக்கு விழுந்துவிட்டது. சிரிப்பு வரும் என்று நினைத்தாள். வரவில்லை. கோபம் ஒரு துளிகூடக் குறையவில்லை. வீட்டுக்குப் போனபிறகு என்ன செய்வது, அந்த மனிதரோடு ஒரே மேஜையில் எப்படி உட்கார்ந்து சாப்பிடுவது என்றெல்லாம் யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை. முதலில் இதை முடிப்போம் என்று வண்டியை ஓட்டினாள்.

மேட்ரன் கிளம்புவதற்காகக் கைப்பையை மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள். சான்றைக் கண்ணாடிக்கு மேலாகவும் கீழாகவும் பார்த்தாள். மறுபடி உட்கார்ந்து, பேனாவைத் திறந்தாள்.

"சரி, வந்துட்டீங்க. கடைசியா ஒண்ணு. எல்லார்கிட்டயும் கேக்கறதுதான், தப்பா எடுத்துக்காதீங்க. போன வருஷம் ஒரு பொண்ணு சேர்ந்தா. பத்து நாள்ல அவ புருஷன் இங்க வந்து நின்னு, எனக்குத் தெரியாம எப்படி எடுத்தீங்கன்னு கலாட்டா பண்ணிட்டான். அதனால கேக்கறேன். உங்க வீட்டுல எல்லாருக்கும் சம்மதம்தானே?"

ஆமாம் என்று சொன்னால் போதும். எல்லோரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். மேட்ரனும் அதைத்தான் எதிர்பார்த்துப் பேனாவைத் தாளில் வைத்துவிட்டாள். இதே மாதிரி ஒரு கேள்வியை முன்பு ஒரு முறை அவளிடமும் கேட்டார்கள். பெரியவர்கள் கூடி உட்கார்ந்து, மாப்பிள்ளையைக் கண்ணால் காட்டி, உனக்குச் சம்மதம்தானே என்று. அன்று அவள் வாயைத் திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

"இல்ல மேடம்," என்றாள். "வீட்டுல சம்மதம் இல்ல."

மேட்ரன் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவர் வந்து நின்னா என்னைக் கூப்பிடுங்க, நான் பேசிக்கிறேன். நாளைக்கு நான் எத்தனை மணிக்கு வரணும்?"

மேட்ரன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். பிறகு குனிந்து எழுதத் தொடங்கினாள்.

"ஆறரைக்கு."